பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ



சென்ற மாதக் கூட்டத்தில் சந்தா, கடன் தவணை எல்லாம் எழுதி நோட்டை மூடும் நேரத்தில் ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்பா போய் நாலு மாசமாச்சு. வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வரச்சொல்லி அண்ணன் சொல்லியிருக்கு. பட்டா மாத்தவாம். போகலாமாக்கா?" ஊக்குநர், "பத்திர நகலை வாங்கிட்டு வா, படிச்சுப் பார்ப்போம்" என்றார். மறுநாள் படித்துப் பார்த்தால், பட்டா பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அது விடுதலைப் பத்திரம். தகப்பனார் சொத்தில் தனக்குள்ள பாகத்தை அண்ணனுக்கு விட்டுக் கொடுத்ததாக எழுதியிருந்தது.

நம் குழுக்களில் இது புதிதல்ல. ஆகவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்வோம். பட்டா மாற்ற யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். அதற்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அடிப்படை. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு செய்ய வேண்டும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்த பிறகு தாசில்தார் வழங்குவார். விசாரணைக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். "பொண்ணுங்க கட்டிக்குடுத்துப் போயிட்டாங்க" என்று சொல்லிப் பெயரை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமானாலும் மகள் வாரிசுதான். பெயர் விடுபட்டது தெரிந்தால் தாசில்தாருக்கு உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். இந்தச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடிருந்தால் அவரும், எல்லோருக்கும் சமபாகம். நம் உறுப்பினர் வீட்டில் அம்மா, அண்ணன், அக்கா, இவர் என நாலு பேர். பாட்டி இல்லை. நிலம் 1 ஏக்கர் 20 சென்ட். ஆளுக்கு 30 சென்ட். அம்மா பாகத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அம்மாவே மறந்துவிடுகிறார்!

பூர்வீகச் சொத்தென்றால்? தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, ஆனால் 25.3.1989-க்கு முன் மணமான பெண்களுக்கு அதில் உரிமை இல்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 20.12.2004-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகி முடிந்திருந்தால் அதைத் திரும்பக் கிளற முடியாது. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குப் பங்குக் கணக்கு வேறு. ஆனால் மகளுக்குப் பங்கே இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உயில் இருந்தால் கணக்கு மாறும். தான் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க அப்பாவுக்கு உரிமை உண்டு. ஆனால் "உயில் இருக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, கேட்டு வாங்கிப் படியுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் உறுதி செய்து தருவதை புரொபேட் என்பார்கள். சென்னை நகரத்துச் சொத்துக்கு இது கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. உயிலில் சந்தேகம் இருந்தால் நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

வங்கிப் பணத்தில் நாமினியாக அண்ணன் பெயர் இருந்தால் பணம் அண்ணன் கைக்கு வரும். அது அண்ணனுக்கே சொந்தம் என்று அர்த்தமில்லை. மற்ற வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான் நாமினி. கடனும் அப்படியே. பெற்றோர் வைத்த கடனுக்கு அவர்கள் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. நாம் ஜாமீன் கையெழுத்துப் போடாத கடனுக்கு நம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டு என்று யாரும் மிரட்ட முடியாது.

விட்டுக் கொடுப்பது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. தாய்வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்காத பெண் யார்? ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் போவது வேறு. பதிவான விடுதலைப் பத்திரத்தை, ஏமாற்றி வாங்கினார்கள் என்று ரத்து செய்ய நீதிமன்றம்தான் போக வேண்டும். வருஷக்கணக்கில் அலைச்சல். நகலை முன்கூட்டியே வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள் குழுவில் கொண்டு வந்து படிக்கச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு கூடவே கூடாது. வக்கீல் வேண்டுமென்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் பெண்களுக்கு இலவசம். வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

நம் உறுப்பினர் அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. அக்காவும் அவரும் சேர்ந்து வாரிசுச் சான்றுக்கு மனு போட்டிருக்கிறார்கள், நாலு பேர் பெயரும் அதில் இருக்கிறது. வீட்டை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம், 30 சென்ட் மட்டும் வேண்டும் என்கிறார். அண்ணன் மூன்று வாரமாகப் பேசுவதில்லை. அம்மா மட்டும் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு, "என் பாகம் எவ்வளவுன்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கா?" என்று கேட்டாராம்.