ஜலதோஷமா, அலர்ஜியா? மூக்கே சொல்லும்!

பொழுது விடிந்து பாயை விட்டு எழுந்ததும் தும்மல். ஒன்றா, இரண்டா? அடுக்கடுக்காகப் பத்து, பதினைந்து! அப்புறம் குழாயைத் திறந்துவிட்டாற்போல மூக்கில் நீர். கண்ணிலும் மூக்கிலும் ஒரே அரிப்பு. பத்து மணிக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் எல்லாம் கப்சிப். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கச்சேரி.

"வருஷம் பூரா எனக்கு ஜலதோஷம்தான் டாக்டர்" என்று அலுத்துக்கொள்ளும் பலருக்கு இருப்பது ஜலதோஷமே அல்ல. கிருமியால் வரும் ஜலதோஷம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் ஓய்ந்துவிடும். தொண்டை வலி, உடம்பு வலி, சில சமயம் காய்ச்சலும் கூடவே வரும். காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு, வாரக்கணக்கில் தும்மல் தொடர்ந்தால் அது ஒவ்வாமை. இதையே சித்த மருத்துவத்தில் பீனிசம் என்போம்.

சாதாரணத் தூசியை உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. அப்போது சுரக்கும் ஹிஸ்டமின்தான் தும்மலுக்கும் நீருக்கும் காரணம். இங்கே கிருமியே இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

தாம்பரம் காற்று

காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் டாக்டர் சௌரி முத்து சானடோரியம் அமைத்தது இதே தாம்பரத்தில்தான். இன்றைக்கு? ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிப் புகை. மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைத் தூசி. காலி மனைகளில் பார்த்தீனியம், சீமைக்கருவேலம். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் புகைந்தது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த முடிச்சூர் போன்ற இடங்களில், ஈரம் ஊறிய சுவர்களில் பூஞ்சை பிடிப்பதும் சகஜம்.

ஆனால் எல்லாப் பழியையும் ஊர் மேல் போட்டுவிடாதீர்கள். முக்கியமான எதிரி உங்கள் தலையணைக்குள்ளேயே இருக்கலாம்! கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும். சென்னையின் ஈரக்காற்று அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். காலையில் எழுந்ததும் தும்மல் என்றால் முதலில் படுக்கையைச் சந்தேகப்படுங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். எப்போது தும்மினீர்கள், அப்போது எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் என்ன இருந்தது? ஊதுபத்தியா, கொசுவத்திச் சுருளா, தாளிப்பு நெடியா, பூனையா? இரண்டே வாரத்தில் குற்றவாளி பெரும்பாலும் பிடிபட்டுவிடுவான்.

படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். விளக்குமாறால் புழுதி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஒட்டடை அடிக்கும்போதும் போகியன்றும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு கலந்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது.

சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு சேர்ந்த திரிகடுகு சூரணம் இரண்டு சிட்டிகை எடுத்து, உணவுக்குப் பின் தேனில் குழைத்துச் சாப்பிடலாம். வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். தூதுவளை ரசம் நல்ல துணை. மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிக்கலாம். சின்னக் குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் பக்கமே விடாதீர்கள்.

ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் செய்துகொள்ளச் சொல்கிறார் தேரையர். அதைப் படித்துவிட்டு நீங்களே எண்ணெயை மூக்கில் விட்டுக்கொள்ளாதீர்கள். நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, வைத்தியர் செய்ய வேண்டியது அது. தாம்பரம் சானடோரியத்திலேயே 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறதே!

தும்மலை அடக்காதீர்கள். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் தும்மலும் ஒன்று. மூக்கையும் வாயையும் பொத்தி அடக்கினால் காதுச் சவ்வுகூடப் பாதிக்கப்படலாம்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

மெடிக்கல் ஷாப்பில் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்வது ஆபத்து. நாலைந்து நாளுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் தினமும் அடிக்கச் சொல்லும் ஸ்பிரே வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் மிகப் பலருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது. இரவில் இருமல், மூச்சில் வீசிங் சத்தம், நெஞ்சு இறுக்கம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். கஷாயம் குடிக்கிறோமே என்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.

வீட்டில் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்குகிறதா? உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கிறதா? கண்ணுக்குக் கீழே கருவளையமா? வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் புகார் சொன்னால் உடனே அடிக்கப் போகாதீர்கள். மூக்கடைப்பால் ராத்திரித் தூக்கம் கெட்டிருக்கலாம். முதலில் அவன் மூக்கைக் கவனியுங்கள்.

பீனிசத்தை ஒரே வேளையில் விரட்டும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்து விலக்கி, மருந்தை முறையாக எடுத்துக்கொண்டால், தும்மல் இல்லாத காலை பெரும்பாலோருக்கு நிச்சயம் கிடைக்கும். நாளைக்கே தலையணை உறையிலிருந்து ஆரம்பியுங்களேன்!