எளிதெனத் தோன்றுவதெல்லாம் எளிதானவையா?

விடை தெரிந்த பின்னர் எந்த விடுகதையும் எளிதாகவே தோன்றும். ஆக்கவுரிமை வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் எதிர்நோக்கும் பெருஞ்சிக்கலும் இதுவேயாகும். ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருப்பது மட்டும் போதாது. அத்துறையில் சாதாரண தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு எளிதிற் புலப்படாததாகவும் அது இருத்தல் வேண்டும். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது.

இதனை அளவிடுவது எவ்வாறு? அமெரிக்க உயர் நீதிமன்றம் 1966 பெப்ரவரியில் தீர்த்த தெளிகருவி வழக்கொன்று இதற்குச் சிறந்த உதாரணமாகும். பூச்சிகொல்லிப் போத்தல்களில் தெளிகருவியைப் பொருத்தியே அனுப்பினால், வழியில் மருந்து கசிந்துவிடும். இக்குறையைப் போக்கும் மூடியொன்றுக்கு குக் கெமிக்கல் நிறுவனம் ஆக்கவுரிமை பெற்றிருந்தது. நெடுநாளையத் தேவையை நிறைவு செய்தமையும், சந்தையில் பெற்ற வெற்றியும் அதற்குச் சாதகமாக எடுத்துக்காட்டப்பட்டன. கீழ் நீதிமன்றங்களும் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டன.

உயர் நீதிமன்றமோ மூன்று வினாக்களை முன்வைத்தது. முன்னர் அறியப்பட்டிருந்தவை எவை? அவற்றுக்கும் கோரப்படும் கண்டுபிடிப்புக்கும் உள்ள வேறுபாடு யாது? அத்துறையினரின் சாதாரண தேர்ச்சி எத்தகையது? திரவம் ஊற்றும் கொள்கலன் ஒன்றின் மூடிக்கு 1953ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்ட ஆக்கவுரிமையில், கசிவைத் தடுக்கும் அதே உத்தி காணப்பட்டது. அது வேறு துறையைச் சார்ந்தது என்ற வாதம் எடுபடவில்லை. பிரச்சினை பூச்சிகொல்லி பற்றியதன்று, மூடி பற்றியதே என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1953க்கு முந்திய தோல்வி முயற்சிகளும் அதனால் வலுவிழந்தன. ஆக்கவுரிமை செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

வர்ணப் பூச்சையோ காப்புப் பூச்சையோ விசிறும் கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தெளிமுனை, அமுக்கம், பூச்சுக் கலவை என்பன தனித்தனியே பழையனவாக இருக்கலாம். அவற்றை இணைத்தமை எதிர்பார்த்த பலனை மட்டும் தந்ததா, அன்றி எவரும் எதிர்பாராத பலனைத் தந்ததா என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

தகுதியற்ற உரிமை, சிறு உற்பத்தியாளர்களின் கைகளைப் பல்லாண்டுகளுக்குக் கட்டிப்போடும். அதேவேளை, பின்னறிவைக் கொண்டு அனைத்தையும் எளிதெனத் தள்ளுவது உழைத்தவருக்கு இழைக்கும் அநீதியாகும். எனவே, தீர்ப்பளிப்போர் இன்றைய அறிவை ஒதுக்கிவைத்து, கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலத்தில் நின்றே அதனை நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.