ஒலியோடை வழங்கியும் தீவகத்துக் கோயில்களும்

கோயிலிற் புராணம் படிக்குங்கால் ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். இப்புராணபடனம் யாழ்ப்பாணத்தார் போற்றிக் காத்துவரும் மரபுகளுள் ஒன்று. நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களிற் பிறந்தோர் பலர், 1983 ஆம் ஆண்டின் பின்னர்ப் போர் காரணமாகக் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். ஆங்குப் பிறந்த அவர்தம் பிள்ளைகளுட் பலர், தம் ஊர்க்கோயிலிற் பயன் சொல்லுங் குரலைக் கேளாதே வளர்கின்றனர். அக்குரலை நேரடியாக அவர்பாற் சேர்க்குங் கருவி ஒலியோடை வழங்கியாகும். அதனை லினக்ஸ் கணினியில் அமைக்கும் முறையினை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வானொலிக்கும் ஒலியோடைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். கொழும்பில் 1925 இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதனைப் பத்துப் பேர் கேட்பினும் பதினாயிரவர் கேட்பினும் பரப்பும் நிலையத்துக்கு வேலை ஒன்றே. இணையத்திலோ நேயர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பப்படுகின்றது. பேச்சொலிக்குச் செக்கனுக்கு 64 கிலோபிற் போதுமானது. நேயர் 200 பேராயின், செக்கனுக்கு 12.8 மெகாபிற் இடையறாது வெளிச்செல்லல் வேண்டும். மணி ஒன்றுக்கு ஏறத்தாழ 5.8 கிகாபைற் செலவாகும். தீவிலுள்ள கைப்பேசி இணைப்பொன்றை நம்பி இச்சுமையினை ஏற்றுதல் தகாது.

ஆதலின் வழங்கியைக் கோயிலிலேயே வைத்தல் பொருந்தாது. நயினாதீவிலிருந்து வரும் படகு பயணிகளைக் குறிகட்டுவான் துறையில் இறக்குகின்றது. அங்கிருந்தே அவர்கள் தத்தம் வழியிற் பிரிந்து செல்கின்றனர். ஆளுக்கொரு படகு விடுவார் யாருமிலர். அதுபோலக் கோயிலிலிருந்து கடல் கடப்பது 64 கிலோபிற் ஓடை ஒன்றே ஆதல் வேண்டும். அதனைப் பலவாகப் பெருக்கும் வேலையை, இணைப்பு வளமிக்க தரவு மையத்தில் வாடகைக்குப் பெற்ற கணினி செய்தல் வேண்டும்.

அக்கணினியில் டெபியன் அல்லது உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை நிறுவி, ஐஸ்காஸ்ற் என்னும் கட்டற்ற மென்பொருளைச் சேர்த்தல் வேண்டும். அதன் அமைவுக் கோப்பிற் கவனிக்கத்தக்கன மூன்று. முதலாவது கடவுச்சொல். மாதிரிக் கோப்பிலுள்ள சொற்கள் உலகறிந்தவை. அவற்றை மாற்றாதுவிடின் எவரும் நம் ஓடையிற் புகுந்து தம் ஒலியைச் செலுத்தலாம். இரண்டாவது நேயர் தொகை. மாதிரிக் கோப்பில் அதன் உச்சம் 100. மேலும் பலர் கேட்பரெனின் அதனை உயர்த்துக. மூன்றாவது வாயில் எண். வழக்கமான எண் 8000 ஆகும். தீச்சுவர் எனப்படுங் காப்பரணில் அவ்வாயிலைத் திறந்துவிடுதல் வேண்டும்.

கோயிலில் வேண்டுவன சிலவே. ஒலிவாங்கிகள் சேரும் ஒலிக்கலப்பியிலிருந்து ஒரு கம்பி மடிக்கணினிக்குச் செல்லும். ஒலிபெருக்கியின் முன் வேறோர் ஒலிவாங்கி வைத்து எடுப்பின், எதிரொலி கலந்து பயனுரை தெளிவிழக்கும். மடிக்கணினியில் எவ்எவ்எம்பெக் என்னும் மென்பொருள் அவ்வொலியை எம்பி3 ஆகச் சுருக்கி வழங்கிக்கு அனுப்பும்.

படிப்பின் நடுவே மின்சாரமோ இணைப்போ தடைப்படின் யாது செய்வது? தக்க ஏற்பாடில்லையெனின் நேயர் அனைவரதும் தொடர்பு அறுந்துவிடும். ஐஸ்காஸ்ற்றில் மாற்றோடை ஒன்றைக் குறிக்கலாம். மூல ஓடை நின்றவுடன், முன்னரே பதிவு செய்த தேவாரத்தை வழங்கி தானே ஒலிக்கும். மூல ஓடை மீளவும் வந்ததும் நேயரை அதனிடம் திருப்பிவிடும். பதிவும் நேரொலியும் ஒரே வகைச் சுருக்கத்தில் இருத்தல் இதற்கு இன்றியமையாதது. மடிக்கணினியின் மின்கலம் தாங்கினும் ஒலிக்கலப்பியும் இணைப்புக் கருவியும் அணைந்துவிடுமாதலின், அவற்றுக்கும் மாற்று மின்கலம் வைத்தல் நன்று.

காட்சியையும் அனுப்ப விரும்புவோர் செலவை முன்னரே கணித்தல் வேண்டும். செக்கனுக்கு 1.5 மெகாபிற் வேண்டுங் காட்சியை 200 பேர் காணின் 300 மெகாபிற் ஆகும். புராணபடனத்துக்கோ குரலே உயிர்.

வழங்கிக்குச் செல்லும் ஒலியை மடிக்கணினியிலும் பதிந்து வைத்தல் வேண்டும். பயன் சொல்லவல்ல முதியோர் தொகை குன்றிவரும் இக்காலத்தில், அவர்தம் விளக்கங்கள் பல எந்நூலிலும் எழுதப்பட்டில. இன்று கேட்போருக்கு ஓடையாய்ச் செல்வது நாளை கற்போருக்குப் பாடநூலாகும். நம் மாணவர், கோயிலார் இசைவுடனும் படிப்போர் இசைவுடனும் இப்பணியினை மேற்கொள்வாராக.