காற்றும் பெட்ரோலும்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம், பாம்பன் வழியாக இராமேசுவரம் செல்லும் சாலையில் மீன் ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் விரைந்து செல்வதைக் காணலாம். வண்டி வழியில் நின்றுவிடின் மீன் கெடும். அன்றைய வருவாயும் போகும். ஆதலின் எந்திரத்தைச் சீராக வைத்திருத்தல் அவர்தம் பிழைப்போடு ஒட்டியதாகும்.

எந்திரம் இயங்கப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். இவ்விரண்டையும் உரிய அளவிற் கலந்து தரும் உறுப்பே கார்புரேட்டர். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. கார்புரேட்டரின் குழாய் நடுவில் குறுகியிருக்கும். அவ்விடத்தில் காற்று விரைந்து பாய்வதால் அதன் அழுத்தம் குறைகிறது. உடனே கீழுள்ள மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல், ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலெழுந்து, தூவலாகக் காற்றோடு கலக்கிறது. குறுகிய குழாய்களிற் பாயும் நீர்மங்களை ஆராய்ந்து 1797இல் நூல் வெளியிட்ட இத்தாலிய அறிஞர் வெந்தூரியின் பெயரால் அக்குறுகல் வழங்கப்படுகிறது.

காற்று மிகின் எந்திரம் அளவிறந்து சூடேறும். பெட்ரோல் மிகின் கரும்புகை எழும், பணமும் வீணாகும். கடற்கரையிலோ மணல் காற்று வடிகட்டியை அடைக்கும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். இக்காலப் பெட்ரோலிற் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலின் நெடுநாள் ஓடாது நிற்கும் வண்டியின் ஜெட் அடைபடக்கூடும்.

இனி, சீர்செய்யும் முறையைக் காண்போம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துக. மூடிய அறையில் எந்திரத்தை ஓட்டின், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உயிரைப் போக்கும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. முதலில் காற்று வடிகட்டியைத் தூய்மை செய்க. சிறிது தொலைவு ஓட்டி எந்திரம் சூடேறியபின் அதனை நிறுத்துக. கலவைத் திருகாணியை மெல்ல உள்ளே முழுதும் திருகுக. வலிந்து முடுக்கின் அதன் கூர்முனை கெடும். பின்னர்க் கையேட்டிற் கூறிய அளவு வெளியே திருப்புக. பல வண்டிகளில் இஃது ஒன்றரைச் சுற்று அளவில் இருக்கும். எந்திரத்தை மீண்டும் இயக்கி, அத்திருகாணியைக் காற்சுற்றுக்கும் குறைவாக இருபுறமும் திருப்பிப் பார்க்க. எந்நிலையில் ஓசை விரைவாகவும் ஒரு சீராகவும் கேட்கின்றதோ, அதுவே உரிய நிலை. இறுதியாக ஐடிலிங் திருகாணியால் வேகத்தைக் குறைத்து, அணையாது ஓடுமாறு அமைக்க.

திருகாணியைத் திருப்பியும் ஓசை மாறவில்லையாயின், ஜெட் அடைபட்டிருக்கலாம். அதனைக் கம்பியாற் குத்தலாகாது, துளை பெரிதாகிவிடும். அதற்குரிய திரவத்தாற் கழுவிக் காற்றூதுதலே முறை. சில நாள் ஓட்டியபின், ஆறிய எந்திரத்தின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. அதன் முனை பழுப்பாயின் கலவை நன்று. கரியேறியிருப்பின் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதியால், புதிய மோட்டார் சைக்கிள்களில் இவ்வேலையை மின்னணுக் கருவி மேற்கொண்டுள்ளது. எனினும் பழைய வண்டிகள் இன்றும் பல குடும்பங்களைத் தாங்குகின்றன. அவற்றைப் பேண விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கூர்ந்து கேட்கும் செவியும், பதறாத கையும், அளவறியும் அறிவும் போதும்.