எதிர்ப்பொருளின் சாட்சியம்

நரம்புச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதற்கென்றே அமைந்த புரத வாயில்கள் உள்ளன. இவற்றைப் பொட்டாசியம் கால்வாய்கள் என்பர். ஒரு செய்தி கடந்துசென்றபின் செல் ஓய்வுநிலைக்குத் திரும்ப இவையே துணைபுரிகின்றன. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆயினும் அது இவ்வாயிலைக் கடப்பது மிக அரிது. இவற்றுள் ஒன்றான கேவி 1.1, மனிதரில் 495 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் மரபணு பழுதுபட்டால் அவ்வப்போது உடல் தள்ளாட்டம் நேரும். அப்புரதம் நரம்பின் எப்பகுதியில் இருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? நுண்ணோக்கியில் பார்த்தால் புரதங்கள் தம் பெயரைச் சொல்வதில்லை.

இங்குதான் எதிர்ப்பொருள் உதவுகிறது. கேவி 1.1இன் ஒரு சிறு துண்டை முயலின் உடலில் செலுத்தினால், அத்துண்டைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அதன் குருதியில் உருவாகும். எந்தத் துண்டைத் தேர்வது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கேவி 1.1, கேவி 1.2 போன்ற உடன்பிறப்புப் புரதங்கள் சவ்வினுள் புதைந்த பகுதியில் பெரிதும் ஒத்திருக்கும். செல்லின் உட்புறம் நீளும் வால்முனையில் வேறுபடும். எனவே, ஆய்வாளர் பெரும்பாலும் வால்முனையையே நாடுவர். பற்றிய எதிர்ப்பொருளின்மீது ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டாம் எதிர்ப்பொருளை ஒட்டச்செய்தால் அவ்விடம் ஒளிரும். ரேன்வியர் கணுவுக்குச் சற்றுத் தள்ளி, மையலின் உறைக்கு அடியில் கேவி 1.1 செறிந்திருப்பது இவ்வாறே தெரியவந்தது.

ஒளிர்ந்தது கேவி 1.1தானா? வேறொரு புரதத்தை அந்த எதிர்ப்பொருள் பற்றியிருக்கலாமே! இதற்குக் கடுமையான சோதனை ஒன்று உண்டு. அம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் மூளைத்துண்டில் அதே எதிர்ப்பொருளை இட்டுப் பார்ப்பர். அங்கும் அதே ஒளி தோன்றினால், எத்தனை அழகிய படம் தந்தாலும் அதனை ஒதுக்கத்தான் வேண்டும்.

எதிர்ப்பொருள் பற்றுவது எதனை என்பதில் மருத்துவ உலகமும் ஏமாந்ததுண்டு. நினைவுக் குழப்பமும் வலிப்பும் கொண்ட நோயாளிகள் சிலரின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் பொட்டாசியம் கால்வாயையே தாக்குவதாகப் பல்லாண்டுகள் கருதினர். மாம்பா பாம்பின் நஞ்சிலுள்ள டென்ட்ரோடாக்சின் இக்கால்வாயில் ஒட்டும் இயல்புடையது. அதில் கதிரியக்கக் குறியிட்டு மூளைச்சாற்றில் கலப்பர். நோயாளியின் எதிர்ப்பொருளோடு கதிரியக்கமும் சேர்ந்து வந்தால், பற்றப்பட்டது கால்வாயே என முடிவுசெய்தனர். கால்வாயோ சவ்வில் தனித்திருப்பதில்லை. வேறு புரதங்களோடு பிணைந்தே இருக்கும். நோயாளிகள் பலரில் உண்மை இலக்கு எல்ஜிஐ1, காஸ்பர்2 என்னும் அப்பிணைப்புப் புரதங்களே என்பது 2010இல் வெளிப்பட்டது. பிடிபட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். கால்வாய் கூடவே வந்தது, அவ்வளவுதான். அதன்பின் இவ்விரு புரதங்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்களைத் தனித்தனியே தேடும் குருதிச் சோதனைகள் வழக்கத்திற்கு வந்தன.