'பங்காளி'க்குப் பெண்பால் உண்டா?
பத்திரத்தில் வரும் 'கோபார்சனர்' என்ற சொல்லுக்குப் பின்னால் மகள்களின் பங்கு இருக்கிறது

போடிநாயக்கனூர் பக்கமிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது:

"தாத்தா 1950-ல் இறந்தபோது அப்பாவுக்கு வந்த 5 ஏக்கர் மாந்தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. அப்பா 2012-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா இருக்கிறார். இரண்டு அண்ணன்கள், நான், ஒரு தங்கை. எனக்கு 1984-லும் தங்கைக்கு 1992-லும் கல்யாணமானது. இப்போது அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வக்கீல் எழுதிய வரைவில் எங்களையும் 'கோபார்சனர்' என்று குறித்திருக்கிறார். 'நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு ஏது பங்கு?' என்கிறார் பெரிய அண்ணன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? கையெழுத்துப் போடலாமா?"

வாரிசு வேறு, கோபார்சனர் வேறு

வாரிசு என்பவருக்கு ஒருவர் இறந்த பிறகுதான் உரிமை தொடங்கும். அப்பா சம்பாதித்த சொத்தை அப்பா உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் கேட்க முடியாது. அவர் அதை விற்கலாம். விரும்பியவருக்கு உயில் எழுதலாம்.

கோபார்சனருக்கு அப்படியல்ல. பிறந்த அன்றே பூர்வீகச் சொத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அப்பா இருக்கும்போதே பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போடலாம். நம் ஊர்ச் சொல்லில் 'பங்காளி' என்பதுதான் இதற்கு மிக நெருக்கம். ஆனால், ஊர் வழக்கில் பங்காளி என்றால் ஆண் வழி. கல்யாணமான பெண் கணவன் வீட்டுப் பங்காளி வகையில் சேர்ந்துவிடுகிறாள். பெரிய அண்ணன் பேசுவது அந்த வழக்கத்தைத்தான்.

பெண்களுக்காகப் பிறந்த சொல்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும். மகன் இல்லாத வீட்டில் மட்டும் மகள்கள் எல்லோரும் சேர்ந்து வாங்குவார்கள். அப்படிச் சேர்ந்து வாங்கிய மகள்களைத்தான் முக்கியமாக 'கோபார்சனர்' என்றார்கள். பங்கு பிரிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. நாம் அன்றாடம் சொல்லும் 'பார்ட்னர்' இதற்கு உறவுச் சொல்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்துக் கூட்டுக்குடும்பத்தின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோரைக் குறிக்க அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அங்கே பெண்களைக் குறித்த சொல், இங்கே பெண்களை வெளியே நிறுத்தியது. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் மகளை வாரிசாக ஏற்றதே தவிர, கோபார்சனர் ஆக்கவில்லை.

இரண்டு தேதிகள்

முதல் தேதி 25.3.1989. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. ஆனால், அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. அந்தச் சட்டப்படி பார்த்தால் வாசகியின் தங்கை உள்ளே, வாசகி வெளியே.

இரண்டாவது தேதி 9.9.2005. மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். கல்யாணம் எப்போது நடந்தது என்ற கேள்வியே அதில் இல்லை. மகனுக்கு உள்ள அதே உரிமையும் அதே கடமையும் மகளுக்கும் உண்டு. விவசாய நிலமும் இதில் அடங்கும். மகள் உரிமை கேட்க, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 11.8.2020 அன்று தீர்ப்பளித்தது.

ஒரு வரம்பு உண்டு. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ, விற்றிருந்தாலோ அதைக் கிளற முடியாது. பாகம் என்றால் பதிவு செய்த பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருக்க வேண்டும். 'அப்போதே வாய்மொழியாகப் பேசி முடித்துவிட்டோம்' என்பதை மட்டும் நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

5 ஏக்கரில் யாருக்கு எவ்வளவு?

அப்பாவும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து ஐந்து பங்கு. ஆளுக்கு 1 ஏக்கர். அப்பாவின் 1 ஏக்கரை அம்மாவும் நான்கு பிள்ளைகளும் வாரிசாகச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு 20 சென்ட். ஆக, ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 ஏக்கர் 20 சென்ட். அம்மாவுக்கு 20 சென்ட்.

அம்மாவின் பங்கு ஏன் இவ்வளவு குறைவு? மனைவியோ மருமகளோ கல்யாணத்தால் கோபார்சனர் ஆவதில்லை. பாடுபட்டுத் தோப்பைக் காத்தவருக்கு வாரிசு என்ற வகையில்தான் பங்கு. பிள்ளைகள் பேசும்போது இதையும் மனதில் வைப்பது நல்லது.

இந்தக் கணக்கு எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. தாத்தா 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அவருடைய சொந்தச் சொத்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்தாகவே கருதப்படும். அதில் பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

மலைக்கு மேலே வேறு கணக்கு

போடியில் குடியிருந்துகொண்டு கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. மெட்டைத் தாண்டினால் மாநிலச் சட்டமும் மாறுகிறது. கேரளா 1975-ல் இயற்றிய சட்டம் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே 1.12.1976 முதல் ஒழித்தது. அதன் முக்கியப் பிரிவுகள் 2005-ம் ஆண்டுத் திருத்தத்துக்கு முரணானவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் கூறியிருக்கிறது. எனவே தோட்டம் அங்கே என்றால், அந்த ஊர் வக்கீலிடமும் கேட்ட பிறகே பத்திரம் எழுத வேண்டும்.

அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கிய தோட்டம் என்றால், உயில் இல்லாதபோது மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீக நிலத்தின் வருமானத்தில் வாங்கியது என்றால், அதுவும் குடும்பச் சொத்து என்று வாதிட இடமுண்டு.

கையெழுத்துக்கு முன்

* மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். சொத்து யார் வழியாக, எந்த ஆண்டு வந்தது என்பதுதான் அடிப்படை.
* தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.
* பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருப்பதால் தங்கையின் பங்கு போய்விடாது.
* கல்யாணத்துக்குப் போட்ட நகையும் சீரும் நிலப் பங்குக்கு ஈடு என்று சட்டம் சொல்லவில்லை.
* விடுதலைப் பத்திரம் பதிவானால் பங்கு போனதுதான். ஏமாற்றி வாங்கினார்கள் என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. வீட்டில் வைத்து நிதானமாக வாசியுங்கள்.
* வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாத பெண்கள், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

வாசகி கையெழுத்துப் போடலாமா என்பது அவர் முடிவு. அண்ணன்களுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கவும் அவருக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால், விட்டுக்கொடுப்பது 1 ஏக்கர் 20 சென்ட் என்று தெரிந்து கொடுப்பது வேறு. பங்கே இல்லை என்று நம்பிக் கொடுப்பது வேறு. அண்ணன்கள் விடுதலைப் பத்திரம் கேட்பதே அவருக்குப் பங்கு இருப்பதால்தான். இல்லாத உரிமையை விடுவிக்கச் சொல்லி யாரும் முத்திரைத்தாள் வாங்குவதில்லை.