இணக்கம் எதனோடு?

பினாங்கு வீடுகளில் விருந்தினருக்குத் துண்டுதுண்டாக வெட்டி வைக்கப்படும் அகார் அகார் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. அந்த மலாய்ச் சொல் இன்று உலகின் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் வழங்குகிறது. மிகுதியான நீரைத் தன்னுள் பிடித்து வைத்தும் வடிவம் கலையாது நிற்கும் இத்தகைய பொருளே ஹைட்ரோஜெல். தமிழில் நீர்க்களி எனலாம். நம் மென்திசுக்களிலும் நீரே மிகுதி. ஆதலால், சிதைந்த திசுவை மீண்டும் வளர்க்க முனையும் திசுப் பொறியியலார், உயிரணுக்கள் பற்றிப் படரும் சாரமாக நீர்க்களியைப் பயன்படுத்துகின்றனர். (கட்டடம் எழுந்தபின் அவிழ்க்கப்படும் சாரத்தைப் போலவே, இதுவும் பெரும்பாலும் கரைந்து மறைய வேண்டியது. கொத்தனாரின் சொல்லைவிடச் சிறந்த கலைச்சொல் இதற்குக் கிடைக்குமென நான் கருதவில்லை.)

அச்சாரத்தை உடல் ஏற்குமா என்று காண்பது உயிரிணக்கச் சோதனை. 'இணக்கம்' தனித்து நில்லாத சொல், 'எதனோடு?' என்ற வினாவை எழுப்புவது. மூன்றாம் வேற்றுமை ஓடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வருவதை மாணவர் அறிவர். அறிவியலும் அதையே சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடலின் தகுந்த எதிர்வினையோடு செயற்படும் திறனே உயிரிணக்கம் என்பது 1987இல் டேவிட் வில்லியம்ஸ் வெளியிட்ட வரையறை. எனவே அது பொருளின் குணமன்று. பொருளுக்கும் உடலுக்கும் இடையிலான உறவு.

இதற்குச் சான்று உண்டு. செக் நாட்டு அறிஞர்களான விக்டெர்லேயும் லிம்மும் 1960இல் அறிவித்த பாலிஹெமா என்னும் நீர்க்களியிலிருந்தே மென்மையான கண்வில்லைகள் பிறந்தன; கண் அதனை ஏற்றது. அதே பொருளைக் கடற்பஞ்சு போன்ற வடிவில் இளம்பன்றிகளின் தோலுக்குள் வைத்தபோது அதனுள் எலும்பு உருவாயிற்று என 1969இல் வின்ட்டரும் சிம்சனும் எழுதினர். பொருள் ஒன்றே, இடமும் வடிவமும் வேறு.

சோதனையின் முதற்படி ஐஎஸ்ஓ 10993 தரநிலையின் 5ஆம் பகுதியில் உள்ளது. சாரத்துண்டை ஊட்ட நீர்மத்தில் ஊறவைத்து, அச்சாற்றை எல்929 எனப்படும் சுண்டெலி உயிரணுக்கள்மீது இடுவர். பிறகு எம்டிடி என்னும் மஞ்சள் சாயம் சேர்ப்பர். உயிருள்ள அணுக்கள் அதை ஊதாவாக்கும். சாறு இடப்படாத அணுக்களோடு ஒப்பிட, உயிர்த்திருப்பவை 70 விழுக்காட்டிற்குக் கீழே சென்றால் நச்சுத்தன்மை உண்டெனக் கொள்வர். களியை இறுக்கச் சேர்த்த குளுட்டரால்டிஹைடு கழுவப்படாமல் எஞ்சியிருப்பின், அது இங்கே வெளிப்பட்டுவிடும்.

நீர்க்களிக்கே உரிய சிக்கலும் ஒன்றுண்டு: ஊறவைத்த நீர்மத்தை அதுவே குடித்துவிடும். ஆகவே எவ்வளவு உறிஞ்சும் என முன்னரே அளந்து, அந்த அளவைக் கூட்டி ஊற்றுவர்.

இதில் தேறிய சாரம் எல்929 அணுக்களோடு, குறுகிய காலம், இணங்கியது, அவ்வளவே. குருதியோடு இணங்குமா என்பதை 4ஆம் பகுதியும், உடலுள் பதித்தபின் சுற்றியுள்ள திசு என்ன செய்கிறது என்பதை 6ஆம் பகுதியும் தனித்தனியே கேட்கின்றன.